வாஷிங்டன் மெட்ரோ, எல்லோ லைன்: சுரங்கத்துக்குள் புகை வந்தால் என்ன செய்வார்கள்?

போன மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். நகரத்தைச் சுற்றிக் காட்டலாம் என்று ஹண்டிங்டனில் எல்லோ லைன் ஏறினோம், நான் வேலைக்குப் போகும் அதே வழிதான். பென்டகன் ஸ்டேஷனைத் தாண்டியதும் ரயில் வெளிச்சத்துக்கு வந்து போடோமாக் ஆற்றுப் பாலத்தின் மேல் ஓடும், இடப்பக்கம் ஜெஃபர்சன் நினைவு மண்டபத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரியும். அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலம் முடிந்து, ரயில் சரிந்து இறங்கிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. சட்டென்று இருட்டு, காதில் ஒரு அடைப்பு. அப்போதுதான் கேட்டார்: "ஏன்டா, இங்கயே நடுவுல நின்னுட்டா என்ன பண்ணுவாங்க?"

சும்மா வாய்க்கு வந்த கேள்விதான். ஆனால் அவர் கேட்ட இடம் எனக்குத் திக்கென்றது. 2015 ஜனவரி 12 அன்று ஒரு ரயில் புகைக்குள் மாட்டிக்கொண்டது இதே சுரங்கத்தில்தான், லான்ஃபான் பிளாசா ஸ்டேஷனுக்கும் ஆற்றுப் பாலத்துக்கும் நடுவில். அம்மாவிடம் அப்போது "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் போதவில்லை என்று பட்டது. அதனால்தான் இந்த ரிவ்யூ. ரயில் சுத்தமா, நேரத்துக்கு வருகிறதா, கார்டு தட்டினால் கேட் திறக்கிறதா என்பதெல்லாம் இதில் இல்லை, அதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அம்மா கேட்ட அந்த ஒரு கேள்விக்கு இன்றைக்கு வாஷிங்டன் மெட்ரோ என்ன பதில் வைத்திருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. பராமரிப்புக்கும் கண்காணிப்புக்கும் நாலரை வரை கொடுப்பேன். மதிப்பெண் குறைவது வேறு இடத்தில், அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்று நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திங்கட்கிழமை, மதியம் சுமார் 3.15. ஹண்டிங்டன் நோக்கிப் போன ரயில் லான்ஃபான் பிளாசாவை விட்டுக் கிளம்பிய உடனே அடர்ந்த புகைக்குள் நுழைந்து நின்றுவிட்டது. கடைசிப் பெட்டியிலிருந்து பிளாட்ஃபாரம் வெறும் 386 அடி. ஒரு தெருவைக் கடக்கிற தூரம்தான் என்று சொல்லலாம். டிரைவர் பின்னால் எடுக்க அனுமதி கேட்டார். ஆனால் அதற்குள் பின்னாலேயே வந்த இன்னொரு ரயில் அந்த பிளாட்ஃபாரத்தில் வந்து நின்றுவிட்டது, வழி அடைந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் அரை மணி நேரத்துக்கு மேல் அந்தப் புகையில் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் பொறுக்க முடியாமல் தாங்களே கதவைத் திறந்து இறங்கி நடந்தார்கள். பயணி ஒருவர் இறந்துபோனார். பயணிகள், மெட்ரோ ஊழியர்கள், மீட்க வந்தவர்கள் என்று 91 பேர் பாதிக்கப்பட்டார்கள். பொருள் சேதம் என்று மெட்ரோ கணக்குக் காட்டியது சுமார் 1,20,000 டாலர். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும், ஏனென்றால் எரிந்தது அவ்வளவு பெரிய தீ இல்லை. ரயிலே எரியவில்லை. தீயை விடப் புகையும், புகையை விடத் தாமதமும்தான் அன்று உயிரை எடுத்தன.

புகை எங்கிருந்து வந்தது? மெட்ரோ ரயிலுக்கு மின்சாரம் கொடுப்பது பக்கவாட்டில் ஓடும் மூன்றாவது தண்டவாளம், 750 வோல்ட் நேர் மின்சாரம். அதற்கு மின்சாரம் கொண்டுவரும் தடித்த கேபிள்களின் இணைப்புகளில் தண்ணீர் புகாமல் இருக்க ஒரு உறை போட வேண்டும். பல இடங்களில் அந்த உறை இல்லை. சுரங்கத்தில் தண்ணீர் கசிகிறது, அழுக்கும் ஈரமும் சேர்கிறது, ஒரு நாள் மின்சாரம் வழி மாறிப் பாய்ந்து பொறி பறக்க ஆரம்பிக்கிறது, கேபிளின் மேலுறை கருகுகிறது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2016 மே மாதம் வெளியிட்ட அறிக்கை இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னது: மெட்ரோவின் ஆய்வும் பராமரிப்பும் உருப்படியாக இல்லாததுதான் காரணம்.

சரி, கேபிள் கருகுவது ஒரு விஷயம். என்னை அதைவிட அதிகமாகப் பாதித்தது ஃபேன் விவகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சுரங்க ரயிலில் உயிர் பிழைப்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

வீட்டில் தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறோம். எதிர்ப்பக்கம் ஜன்னல் திறந்திருந்தால் அங்கிருந்து நல்ல காற்று வந்து புகையைத் தள்ளிக்கொண்டு போகும். சுரங்கத்திலும் அதே கதைதான். ஒரு பக்கத்து ஃபேன் வெளியே இழுக்க வேண்டும், மறுபக்கத்து ஃபேன் உள்ளே தள்ள வேண்டும். அப்போதுதான் காற்று ஒரே திசையில் ஓடும், மக்கள் நல்ல காற்று வரும் பக்கமாக நடந்து தப்பிக்கலாம். அன்று ரயிலின் இரண்டு பக்கத்து ஃபேன்களையும் வெளியே இழுக்கும்படி போட்டுவிட்டார்கள். நடுவில் ரயில். அது போதாது என்று சில ஃபேன்கள் ஓடாமலே நின்றுவிட்டன. ரயில் பெட்டிகளின் காற்றோட்டத்தையும் அணைக்கவில்லை, அதுவே வெளியில் இருந்த புகையை உள்ளே இழுத்துப் பயணிகள் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் இதில் எதற்கும் புதுக் கருவி தேவையில்லை. எந்தச் சுவிட்சை எந்தப் பக்கம் போடுவது என்று எழுதி வைத்து, மாதாமாதம் பழகியிருந்தால் போதும்.

இன்னும் ஒன்று. புகை வருகிறது என்று தகவல் வந்தால் ஆட்களோடு போகிற ரயிலையே "போய்ப் பார்த்துச் சொல்" என்று அனுப்புவது அன்றைக்கு வழக்கமாக இருந்திருக்கிறது. வாரிய அறிக்கையில் இதைப் படித்தபோது இரண்டு தடவை திரும்பிப் படித்தேன். தீயணைப்பு வீரர்களின் ரேடியோவும் சுரங்கத்துக்குள் சரியாக எடுக்கவில்லை. அந்த ஸ்டேஷனில் ரேடியோ பிரச்சினை இருக்கிறது என்று தீயணைப்புத் துறை மெட்ரோவுக்குச் சொன்னது சில நாட்களுக்கு முன்புதான். மின்சாரம் நிஜமாகவே அணைந்துவிட்டதா என்று உறுதி வராமல் தண்டவாளத்தில் இறங்கவும் முடியாது. இப்படி நிமிடம் நிமிடமாகப் போயிருக்கிறது.

இனி மாறியது என்ன என்று பார்ப்போம், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

முதல் மாற்றம் உடனே வரவில்லை என்பது வருத்தம். 2016 மார்ச் 14 அதிகாலை, மெக்பெர்சன் ஸ்கொயர் பக்கத்துச் சுரங்கத்தில் மறுபடியும் கேபிள் தீ, கிட்டத்தட்ட அதே மாதிரி. அப்போது பொதுமேலாளராக இருந்த பால் வீடஃபெல்ட் ஒரு முடிவு எடுத்தார்: மார்ச் 16 அன்று மொத்த மெட்ரோவும் மூடல், 29 மணி நேரம். பனிப்புயல் இல்லை, வெள்ளம் இல்லை, ஒரு சாதாரண புதன்கிழமை. லட்சக்கணக்கானவர்களின் வேலை நாள் குலைந்தது, நிறையப் பேர் திட்டினார்கள். சுமார் 600 கேபிள்களைப் பார்த்ததில் 26 இடங்களில் பழுது கண்டுபிடித்தார்கள். அந்த 26-இல் ஒன்று மறுநாள் மாலை கூட்ட நேரத்தில் பற்றியிருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த நிறுவனத்தின் வரலாற்றில் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. ரயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை ஒரு ஆள் நிறுத்திக் காட்டினார். அந்த ஜூன் மாதம் தொடங்கி ஒரு வருடம் பாதைகளைத் துண்டு துண்டாக மூடிப் பழுது பார்த்தார்கள்.

அப்புறம் கண்காணிப்பு. விபத்து நடந்தபோது மெட்ரோவின் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த குழுவுக்குப் பல் கிடையாது, சொல்லலாம், ஆனால் கட்டாயப்படுத்த முடியாது. 2015 அக்டோபரில் மத்திய அரசின் போக்குவரத்து அமைப்பு அந்தப் பொறுப்பை நேரடியாக எடுத்துக்கொண்டது. பிறகு வாஷிங்டன், மேரிலாண்ட், வர்ஜீனியா மூன்றும் சேர்ந்து அமைத்த வாஷிங்டன் மெட்ரோரயில் பாதுகாப்பு ஆணையம் 2019 மார்ச்சில் பொறுப்பேற்றது. இந்த ஆணையத்துக்கு ரயிலை நிறுத்தவே அதிகாரம் உண்டு, அதைப் பயன்படுத்தியும் காட்டியது. 2021 அக்டோபரில் ஆர்லிங்டன் கல்லறை ஸ்டேஷன் அருகே புளூ லைன் ரயில் தடம் புரண்டது, அச்சில் சக்கரங்கள் இடம் நகர்ந்திருந்ததுதான் காரணம். அதோடு ஆணையம் புது வண்டிகளான 7000 வரிசைப் பெட்டிகள் 748-ஐயும் ஓட்டக் கூடாது என்று நிறுத்திவிட்டது. மெட்ரோவிடம் இருந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் அவைதான். ரயில்கள் அரிதாகின, பிளாட்ஃபாரங்கள் நிரம்பின, ஆணையத்தின் மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. நான் கோபப்படவில்லை. எங்கள் பயணத்தைக் கெடுத்தாவது எங்களைக் காப்பாற்ற ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதுதான் வந்தது.

இதே ஆணையம் 2020-இல், எல்லா ரயில்களுக்கும் உத்தரவு போகிற இடமான கண்ட்ரோல் சென்டரைத் தணிக்கை செய்து வெளியிட்ட அறிக்கையையும் படித்திருக்கிறேன். அவசர நேரத்தில் மேலதிகாரிகள் ஆளாளுக்கு ஒரு உத்தரவு போடுவது, கத்துவது, கண்ட்ரோலர்கள் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் தவிப்பது எல்லாம் அதில் வருகிறது. விபத்து நடந்து ஐந்து வருடத்துக்குப் பிறகும் இந்த நிலை. கேபிளை ஒரு இரவில் மாற்றிவிடலாம், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் பழக்கத்தை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை என்பது அதைப் படித்தால் புரியும். ஆனால் ஒரு விஷயம்: இந்தக் குறை எதுவும் மூடி மறைக்கப்படவில்லை. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2015-க்கு முன்பு இப்படி ஒரு கண் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. விபத்துக்குப் பின் கண்ட்ரோல் சென்டரிலேயே தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவரை உட்கார வைத்தார்கள், அதுவும் நல்ல ஏற்பாடு. போன் வழியாகத் தகவல் போய்ச் சேர்ந்து, அது இன்னொருவருக்குப் போய், பிறகு வண்டி கிளம்புவதற்கும், பக்கத்து நாற்காலியில் இருப்பவரே திரையைப் பார்த்து முடிவு எடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்.

எல்லோ லைன் பயணிகளுக்கு முக்கியமான வேலை 2022 செப்டம்பரில் தொடங்கியது. பாலத்தையும் லான்ஃபான் பிளாசா வரையுள்ள சுரங்கத்தையும் 2023 மே வரை மூடிவிட்டார்கள். ஆற்றோரச் சுரங்கத்தின் எஃகு உறை 40 வருடத்துக்கு மேலாகத் தண்ணீர் பட்டு அரித்திருந்தது, அதைச் சரி செய்தார்கள். பாலத்தில் தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாயையும் மாற்றினார்கள். எட்டு மாதம் நான் புளூ லைனில் ராஸ்லின் வழியாகச் சுற்றித்தான் போனேன், தினமும் கூடுதல் நேரம். ஆனால் புகை வந்த சுரங்கத்தின் கசிவுதான் அது. விளக்கு, பெயின்ட், புது இருக்கை என்று கண்ணுக்குத் தெரிகிற வேலையை விட்டு, யாரும் பார்க்காத சுவருக்குப் பின்னால் பணத்தைப் போட்டிருக்கிறார்கள். அதற்காகவே மதிப்பெண் கூடுகிறது.

செல்போன் சிக்னலும் இப்போது சுரங்கங்களில் கிடைக்கிறது. இதை 2012-க்குள் முடிக்க வேண்டும் என்று 2008-லேயே சட்டம் போட்டார்கள். விபத்து நடந்த அன்று முடிந்திருக்கவில்லை. இப்போது சுரங்கத்துக்குள் ஓடும்போதும் அம்மா என் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டு வருகிறார், எனக்கு அதைக் கேட்கும்போது ஒரு நிம்மதி.

இப்போது குறை. மதிப்பெண் குறைந்த இடம்.

இதுவரை சொன்ன எல்லாம் மெட்ரோ தன் பக்கம் செய்தது. பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு என்ன தெரியும்? புகை விபத்தில் முதல் பத்து நிமிடம் தீயணைப்பு வீரர் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார். டிரைவரும் நாமும்தான். அந்தப் பத்து நிமிடத்துக்கான பயிற்சி பயணிகளுக்கு எங்கும் கிடைப்பதில்லை. விமானத்தில் ஏறினால் ஒவ்வொரு முறையும் கதவு எங்கே, முகமூடி எங்கே என்று காட்டுகிறார்கள். ரயிலில் கதவோரம் ஒட்டியிருக்கும் குறிப்பைத் தினமும் பார்க்கிறோம், படிப்பதில்லை. நானும் பல வருடம் படிக்கவில்லை.

எனக்கு இது சுட்டது இன்னொரு ஊரில், அந்த ரயில் சேவையின் பெயர் வேண்டாம். சுரங்கத்தில் வண்டி நின்றது, விளக்கு பாதி அணைந்தது, ரப்பர் கருகிய மாதிரி மெல்லிய வாடை. இருபது நிமிடத்துக்கு ஒரு அறிவிப்பு கூட வரவில்லை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் அந்த இருபது நிமிடத்தில் பெட்டிக்குள் நடந்ததை என்னால் மறக்க முடியாது. ஐந்தாவது நிமிடம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பத்தாவது நிமிடம் ஒரு பெண் குழந்தையின் முகத்தைத் தன் துப்பட்டாவால் மூடினார். பதினைந்தாவது நிமிடம் ஒருவர் எழுந்து போய்க் கதவின் நடுப்பிளவில் விரல்களை விட்டு இழுக்க ஆரம்பித்தார், இன்னொருவர் அவர் தோளைப் பிடித்து "இறங்காதீங்க, கரண்ட் இருக்கும்" என்று கெஞ்சினார். இருவரும் சொன்னது சரிதான், அதுதான் கொடுமை. உள்ளே இருந்தால் புகை, இறங்கினால் மின்சாரம். "புகை எங்கே இருக்கிறது என்று தெரியும், மின்சாரத்தை அணைத்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் ஐந்து நிமிடம்" என்று ஒரு குரல் வந்திருந்தால் அந்தக் கை கதவுக்குப் போயிருக்காது.

அதனால் வாஷிங்டன் மெட்ரோவிடம் நான் கேட்பது இதுதான். புகை என்ற சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து, ஒன்றும் தெரியாவிட்டாலும் "இன்னும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பேசுங்கள். மீட்புப் பயிற்சி நடத்தும்போது நிஜப் பயணிகளையும் கூப்பிடுங்கள், கைத்தடியோடு வருகிற என் அம்மா மாதிரி ஆட்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள், ஏனென்றால் பெட்டியிலிருந்து சுரங்கத்துச் சுவரோர நடைபாதையில் இறங்குவது அவருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று வரைபடத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஃபாரஸ்ட் கிளென் ஸ்டேஷன் 196 அடி ஆழம், எஸ்கலேட்டரே கிடையாது, லிஃப்டில்தான் ஏற வேண்டும். பிளாட்ஃபாரத்திலிருந்து நான்கு நிமிடத்தில் கூட்டம் கிளம்ப வேண்டும், ஆறு நிமிடத்தில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது சுரங்க ரயில்களுக்கான அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரம். புது ஸ்டேஷன் கட்டுகிறவர்களுக்கு அது வழிகாட்டி. பழைய ஆழமான ஸ்டேஷனில் அது வயதானவர்களை வைத்துச் சோதித்துத்தான் தெரிய வேண்டும்.

அதுவரை நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன், நான் அம்மாவுக்குச் சொன்ன வரிசையிலேயே. பெட்டியின் கோடியில் டிரைவரோடு பேசும் இன்டர்காம் இருக்கிறது. ஏறியதும் பெட்டி எண்ணைப் பாருங்கள், புது வண்டியில் 7-இல் தொடங்கும் நான்கு இலக்கம், இன்டர்காமில் முதலில் சொல்ல வேண்டியது அந்த எண்தான். புகை வெளியே இருந்து உங்கள் பெட்டி தெளிவாக இருந்தால் இறங்காதீர்கள். உள்ளே வர ஆரம்பித்தால் குனிந்து, மூக்கில் துணியை வைத்துக்கொண்டு புகை குறைந்த கோடிக்கு நகருங்கள். வேறு வழியே இல்லாமல் இறங்க வேண்டி வந்தால், அல்லது இறங்கச் சொன்னால், மேலே மூடி போட்ட மூன்றாவது தண்டவாளம் எந்தப் பக்கம் என்று பார்த்து அதன் கிட்டேயே போகாதீர்கள், சுவரோரம் நடைபாதை இருக்கும். சுரங்கச் சுவரில் இடைவெளி விட்டு நீல விளக்கு எரியும். அதன் கீழ் ஒரு போன் உண்டு, அந்தப் பகுதியின் மின்சாரத்தை அணைக்கும் பட்டனும் அங்கேதான் இருக்கிறது.

டிசம்பர் 2024-இல் ரெட் லைனில் ரயில்கள் மறுபடி தானியங்கியாக ஓட ஆரம்பித்தன, 2009-இல் ஃபோர்ட் டோட்டன் அருகே ஒன்பது பேர் இறந்த மோதலுக்குப் பிறகு நிறுத்தி வைத்திருந்தது அது. ஓட்டம் சீராக இருக்கிறது, நல்லது. ஆனால் புகை வந்தால் எந்த ஃபேனை எந்தப் பக்கம் ஓட்டுவது, எந்த ரயிலை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பது இன்றும் மனிதர்கள்தான். புது வண்டிக்கும் புது ஆப்புக்கும் கிடைக்கிற கவனம் அந்தக் கண்ட்ரோல் சென்டர் மேசைக்கும் கிடைக்க வேண்டும்.

திரும்பி வரும்போது கேலரி பிளேஸில் ஏறினோம். லான்ஃபான் பிளாசாவில் கதவு மூடியதும் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கண்ணோரம் குவித்து வைத்துக்கொண்டார், உள்வெளிச்சம் கண்ணாடியில் அடிக்காமல் இருக்க. முதல் நீல விளக்கு போனது. "இதானா?" என்றார். ஆமாம் என்றேன். பாலத்து வெளிச்சம் வரும் வரை அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.